வீட்டில் கிளைம்பிங் சுவர்: மெத்தையிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்

நீங்கள் கேட்டது இது: இரண்டு வருடமாக உள்ளரங்கில் போல்டரிங் (கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறுவது) செய்கிறீர்கள், போய்வரவே பாதி நேரம் போய்விடுகிறது. வீட்டில் 3 மீ. அகலம், 3.5 மீ. நீளம், 2.7 மீ. உயரத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அதில் பயிற்சிக்கு ஒரு சுவர் கட்ட வேண்டும். 15 டிகிரி சாய்வு போதுமா, என்ன பலகை வாங்குவது, எங்கே செலவைக் குறைக்கலாம்?

அறை போதும், தாராளமாகப் போதும். 15 டிகிரி வேண்டாம். செலவைக் குறைக்க வழி இருக்கிறது, ஆனால் மெத்தையிலும் பலகையின் தடிமனிலும் கை வைக்காதீர்கள். விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறும்.

எல்லோரும் முதலில் சுவரை வரைவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சுவரெல்லாம் எழுப்பி முடித்த பிறகு மெத்தையைக் கொண்டுவந்து போட்டால், கீழ்வரிசைக் கால்பிடிகள் அத்தனையும் மெத்தைக்குள் புதைந்துபோயிருந்தன. உட்கார்ந்து தொடங்கும் ஏற்றங்கள் ஒன்றுகூடச் செய்ய முடியவில்லை. ஆகவே தரையிலிருந்து மேலே போங்கள்: முதலில் மெத்தை, அதற்கு மேல் கால்வைக்கும் செங்குத்துப் பலகை (கிக்கர் என்போம்), அதற்கு மேல்தான் சாய்வுப் பலகை.

உங்கள் அறைக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெத்தை 25 செ.மீ. கனம் என்று வையுங்கள். கிக்கர் மெத்தைக்கு மேலே இன்னொரு 25 செ.மீ. தெரிய வேண்டும், அப்போதுதான் உட்கார்ந்த நிலையில் கால் வைக்க இடமிருக்கும். ஆக கிக்கரின் மொத்த உயரம் 50 செ.மீ. கூரையிலிருந்து 5 செ.மீ. விட்டுவிட்டால் சாய்வுப் பலகைக்கு மிஞ்சும் செங்குத்து உயரம் 2.15 மீ. இனி பள்ளிக்கூடக் கணக்குதான். செங்குத்திலிருந்து சாய்வுக் கோணத்தை எடுத்துக்கொண்டு, இந்த உயரத்தை அதன் காஸ் மதிப்பால் வகுத்தால் பலகையின் நீளம் வரும், அந்த நீளத்தைச் சைன் மதிப்பால் பெருக்கினால் பலகையின் உச்சி அறைக்குள் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு வருகிறது என்பது வரும். 15 டிகிரிக்கு நீளம் சுமார் 2.2 மீ., நீட்டல் 60 செ.மீ.கூட இல்லை. 35 டிகிரிக்கு நீளம் 2.6 மீ., நீட்டல் 1.5 மீ. 40 டிகிரிக்கு 2.8 மீ., நீட்டல் 1.8 மீ. 45 டிகிரி வைத்தால் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஏறலாம், ஆனால் உச்சி 2.15 மீ. முன்னால் வந்துவிடும், விழுவதற்கு இடமே இருக்காது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கூரை தாழ்வாக இருக்கிறதே என்று பயந்துதான் பலர் சாய்வைக் குறைக்கிறார்கள். உண்மையில் சாய்வு கூடக்கூட அதே கூரைக்குக் கீழே ஏறும் தூரம் கூடுகிறது. 15-க்கும் 40-க்கும் நடுவே 60 செ.மீ. வித்தியாசம். 20 செ.மீ.க்கு ஒரு வரிசை என்று பார்த்தால் முழுசாக மூன்று வரிசைப் பிடிகள்.

நான் கட்டிய முதல் சுவர் கிட்டத்தட்ட 15 டிகிரிதான். மூன்றே மாதத்தில் சலித்துவிட்டது. சாய்வு குறைவாக இருந்தால் எடை காலில் இறங்கிவிடும், கையும் உடம்பும் உழைக்க வேண்டுமானால் பிடிகளை மிகச் சின்னதாக வைக்க வேண்டிவரும், அப்போது வேலை முழுவதும் விரல்நுனித் தோலுக்கும் மூட்டுக்கும் போய்ச் சேரும். நல்ல சாய்வில் நடுத்தரப் பிடியே போதும், தோள், முதுகு, வயிறு எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். மிக மென்மையான கால்வேலை, சமநிலை இவற்றைப் பழகச் சாய்வில்லாத சுவர் நல்லதுதான், ஆனால் அதற்கு இரண்டு மீட்டர் உயரம் பற்றாது. வாரம் ஒரு நாள் அரங்குக்குப் போகும்போது அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு என் பரிந்துரை 35 டிகிரி. 40 வைக்கலாம், தப்பில்லை. கிக்கரைப் பின்சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி வைத்தால் (ஏன் தள்ள வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்) 35 டிகிரியில் உச்சிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே 1.75 மீ. இருக்கும். 40-ல் 1.45 மீ.தான். சாய்வான பலகையில் நேராகக் கீழே விழுவது குறைவு. கால் நழுவி உடம்பு ஊசல்போல வெளியே ஆடும், ஆட்டத்தின் கடைசியில் கை விடும், அப்போது நாம் போய் விழுவது உச்சிக்கும் அப்பால். எதிர்ச்சுவரில் இடுப்புயரத்துக்கு ஃபோம் ஒட்டிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி பலகையை வைக்கவே வைக்காதீர்கள்.

சின்னப் பலகையில் என்ன பெரிய பயிற்சி கிடைத்துவிடும் என்று யாராவது கேட்டால் கவலைப்படாதீர்கள். ஜெர்மன் ஏற்ற வீரர் வுல்ஃப்காங் குல்லிஷ் 1988-ல் நியூரம்பெர்க்கில் ஒரு ஜிம்மில் சாய்வான பலகையில் சில மரச்சட்டங்களை மட்டும் வைத்துப் பயிற்சி செய்தார், கேம்பஸ் போர்டு என்ற பெயரே அந்த ஜிம்மின் பெயரிலிருந்து வந்தது. 1991-ல் ஃபிராங்கன்யூரா பாறையில் ஆக்‌ஷன் டைரக்ட் என்ற மிகக் கடினமான ஏற்றப் பாதையை அவர் ஏறியதற்குப் பின்னால் அந்தப் பலகை இருக்கிறது. அதேபோல இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பென் மூன் என்ற ஏற்ற வீரரும் கூட்டாளிகளும் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஓர் அறையில் பலகைகளைச் சாய்த்து வைத்துப் பயிற்சி செய்தார்கள், இன்று உலகம் முழுக்க இருக்கும் மூன்போர்டு என்ற பயிற்சிப் பலகை அங்கே பிறந்ததுதான். அதன் முழு அளவு 40 டிகிரி சாய்வு, 2.44 மீ. அகலம், 3.15 மீ. உயரம், உங்கள் கூரைக்குள் அடங்காது. ஆனால் அதன் 20 செ.மீ. கட்டங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து பலகை. 18 மி.மீ. ப்ளைவுட், அதற்குக் கீழே போகாதீர்கள். 12 மி.மீ. போட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் பலகை உள்ளே போய் வெளியே வரும், கொஞ்ச நாளில் பிடிகளின் போல்டைக் கவ்வப் பலகையின் பின்னால் பதிக்கும் நட்டுகள் (டி-நட்) எல்லாம் ஆட ஆரம்பிக்கும். வாங்கும்போது பலகையின் ஓரத்தைப் பாருங்கள்: அடுக்குகள் எத்தனை, நடுவில் இடைவெளி தெரிகிறதா. ஒரே 18 மி.மீ.யில் ஏழு அடுக்கும் உண்டு, பதின்மூன்று அடுக்கு பிர்ச் மரப் பலகையும் உண்டு. அடுக்கு கூடினால் நட்டு நன்றாகக் கவ்வும். 2.44-க்கு 1.22 மீ. அளவில் மூன்று பலகை போதும் உங்களுக்கு. இரண்டைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் 2.44 மீ. அகலம், 2.44 மீ. நீளம். மூன்றாவதை அறுத்து மேலே 18 செ.மீ. பட்டை ஒன்று, கீழே 50 செ.மீ. கிக்கர் ஒன்று, மீதியில் பிடிகளே செய்துகொள்ளலாம். படுக்கவைப்பதற்குக் காரணம், மேல்அடுக்கின் மர இழை பின்னால் நிற்கும் சட்டங்களுக்குக் குறுக்கே ஓடினால்தான் பலகை விறைப்பாக இருக்கும்.

பின்சட்டத்துக்கு 5-க்கு 15 செ.மீ. மரம், 40 செ.மீ.க்கு ஒன்று. இங்கேதான் பலர் சறுக்குவது. நட்டு வரும் இடத்தில் சட்டம் வரக்கூடாது, அதனால் இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். பலகை ஓரத்திலிருந்து 22 செ.மீ.யில் முதல் நட்டு வரிசை, பிறகு 42, 62 என்று 20 செ.மீ.க்கு ஒன்றாக 222 வரை, மொத்தம் 11 வரிசை. சட்டங்களின் நடுக்கோடு 12, 52, 92, 132, 172, 212, கடைசியாக ஓரத்துக்கு 232. எதுவுமே நட்டு வரிசையின் மேல் விழாது. மேலும் கீழும் 13 வரிசை என்றால் 143 நட்டு. பத்துப் பதினைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். இரண்டு பலகை சேரும் இடத்தில் பின்னால் ஒரு குறுக்குக் கட்டை வேண்டும், அது நட்டு வரிசையின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே ஒரு நட்டு கட்டைக்குப் பின்னால் மாட்டி, போல்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது. பின்னாலிருந்து கை போக வழியில்லை. கடைசியில் நல்ல மரப்பிடி ஒன்றை உளியால் பிளந்துதான் போல்டை அறுத்து எடுத்தேன். கிக்கரைச் சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளச் சொன்னதும், 3 மீ. அகல அறையில் பலகையை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி மறுபக்கம் அரை மீட்டர் வழி விடச் சொல்வதும் இதற்காகத்தான். பலகைக்குப் பின்னால் ஓர் ஆள் நுழைய முடியவேண்டும். பலகை ஒட்டி நிற்கும் பக்கச்சுவருக்கும் ஃபோம் வேண்டும், ஆடும்போது தோள் அங்கேதான் இடிக்கும்.

டி-நட் இரண்டு விதம்: பற்கள் வைத்து மரத்தில் இறங்குவது, தட்டையான வட்டத்தில் சின்னத் திருகாணிகளால் பிடிப்பது. இரண்டாவது கொஞ்சம் வேலை அதிகம், ஆனால் சுற்றாது. எதை வாங்கினாலும் எம்10 (10 மி.மீ. போல்ட்) அளவு எடுங்கள், சில நாடுகளில் 3/8 அங்குலம் ஓடுகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பிடிகளையும் போல்ட்களையும் அதற்கேற்ப வாங்க வேண்டும். எம்10 நட்டின் குழாய்ப் பகுதிக்கு வழக்கமாக 12 மி.மீ. ஓட்டை, ஆனாலும் துண்டுப் பலகையில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். பலகையைத் தரையில் போட்டு, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத் துளையுங்கள், கீழே ஒரு வேண்டாத பலகையை வையுங்கள். துளை வெளியேறும் பக்கம்தான் சிம்பு பிய்யும், அது பின்னால் இருக்கட்டும். ட்ரில் நேராக இறங்க வேண்டும். சாய்ந்துவிட்டால் போல்ட் பிறகு புரியில் ஏறாது, ஏறியதாகத் தோன்றிப் புரியைத் தின்றுவிடும்.

பல் வைத்த நட்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பின்னால் நட்டை வைத்து, முன்னாலிருந்து பெரிய வாஷரோடு ஒரு போல்டைப் போட்டு ஸ்பேனரால் இழுங்கள். முதலில் லேசாகச் சுற்றும், பிறகு இறுகும், பல் மரத்துக்குள் இறங்கும்போது நறநறவென்று சன்னமான சத்தம் கேட்கும், வட்டம் பலகையோடு சமமானதும் சத்தம் நின்றுவிடும். அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் இறுக்கினால் மரம் நசுங்கும். 143 நட்டு, ஒரு நாள் முழுக்கப் போகும். அவசரப்படாதீர்கள். என்றாவது ஒரு நட்டு சுற்றினால், பிடிக்கு அடியில் ஒரு கம்பியை நெம்பி வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே போல்டைக் கழற்றுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

எதில் நிறுத்துவது என்பதுதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 70 கிலோ ஆள் தொங்கினால் 70 கிலோ, தாவிப் பிடித்தால் அந்த நொடியில் அதைப்போலச் சில மடங்கு. கான்கிரீட் கூரையில், சுவரில் நங்கூர போல்ட் அடிக்கலாம், ஆனால் போல்ட் பூச்சையும் ஓட்டைச் செங்கலையும் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது, உள்ளே திடமான கான்கிரீட்டையோ விட்டத்தையோ பிடிக்க வேண்டும். தொங்குகூரையின் மெல்லிய சட்டங்கள் அதன் சொந்த எடையைத் தாங்கச் செய்தவை, அவற்றை நம்பாதீர்கள். கூரைக்குள் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், வாடகை வீடாக இருந்தால், தனியாக நிற்கும் சட்டகம்தான் நல்லது: இரண்டு பக்கமும் முக்கோணம், அடிக்கட்டை தரையில் பலகையின் உச்சியையும் தாண்டி நீண்டிருக்க வேண்டும். உச்சியில் தொங்குகிற ஆளின் எடை அடிக்கட்டைக்கு வெளியே போனால் மொத்தமும் கவிழும். மூலைகளில் ஆணி வேண்டாம், முழுக்க ஊடுருவும் போல்டும் வாஷரும். அடியில் ரப்பர் விரிப்பு வைத்தால் கீழ்வீட்டுக்காரர்களுக்கு அதிர்வு குறையும். சட்டகத்தை ஒருமுறை விஷயம் தெரிந்த கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள், இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

மெத்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம். பழைய கட்டில் மெத்தை வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் திருப்பி எறியும், மெத்தென்ற பஞ்சில் பாதம் சாய்ந்து இறங்கி கணுக்கால் பிசகும். அடியில் மிருதுவான ஃபோம், மேலே கெட்டியான மெல்லிய ஃபோம், இந்த வரிசையில்தான் இருக்க வேண்டும், மேலடுக்கு விழும் எடையைப் பரப்பிவிடும். தனித்தனித் துண்டுகளாக வாங்கினால் இணைப்பு இடைவெளிகளில்தான் கால் சிக்கும், எல்லாவற்றுக்கும் மேல் ஒரே விரிப்பாகப் போர்த்துங்கள். பலகைக்கு அடியில் மட்டும் போதாது, அறைத்தரை முழுக்க இருக்கட்டும்.

பிடிகளுக்கு வருவோம். ஹோல்டு என்று நாம் சொல்லும் இவற்றில் புதிதாகக் கட்டுகிறவர்கள் செய்யும் தவறு, கை முழுக்க அடங்கும் பெரிய ஜக் பிடிகளை அள்ளுவது. அது உடம்பைச் சூடேற்ற ஏழெட்டு இருந்தால் போதும். மீதியெல்லாம் விரல்நுனி பதியும் க்ரிம்ப், கிள்ளிப் பிடிக்கும் பிஞ்ச், உருண்டையான ஸ்லோப்பர் என்று கலந்து வாங்குங்கள். பாலியூரித்தேன் பிடிகள் எளிதில் உடையாது, மலிவான பாலியஸ்டர் பிடிகள் இறுக்கும்போதே விரிசல் விடலாம். வீட்டில் அடிக்கடி ஏறுபவருக்கு மரப்பிடிகள்தான் வரம், தோல் தேயாது. மீதிப் பலகையிலும் கெட்டி மரத்துண்டிலும் நீங்களே செய்யலாம்: 20 மி.மீ. ஆழ விளிம்பு, மர இழை விளிம்போடு இணையாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் விளிம்பு பெயர்ந்து கையோடு வந்துவிடும். விளிம்பை நன்றாக உருட்டித் தேயுங்கள், கூர்மையாக விட்டால் விரல்மூட்டில் வெட்டும். ஒவ்வொன்றிலும் போல்டுக்குப் பக்கத்தில் ஒரு திருகாணி, சுழலாமல் இருக்க.

கால்பிடிகளை மறக்காதீர்கள். இவை திருகாணியால் மாட்டும் சின்னச் சின்னத் துண்டுகள், கட்டத்துக்குக் கட்டுப்படாமல் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். சாய்வுப் பலகையில் உங்களை மேலே தள்ளுவது கால்விரல்தான். கால்பிடி பெரிதாக இருந்தால் கால் தானாக நிற்கும், உடம்பை இறுக்கிப் பிடிக்கப் பழகவே மாட்டீர்கள். இன்னொரு விஷயம், பிடிகளை இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம்போல வைத்துப் பாருங்கள். ஒரே ஏற்றத்தை இரண்டு கையாலும் செய்யும்போது எந்தப் பக்கம் பலவீனம் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

பெயின்ட், வார்னிஷ் எதுவானாலும் சரி, மணல் கலந்த சொரசொரப்பு மட்டும் வேண்டாம், முழங்கையும் முழங்காலும் அதில்தான் உரசும். கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் தூள் அறை முழுக்கப் பறக்கும், காற்று வெளியேற ஒரு விசிறி வையுங்கள், திரவ சாக் பயன்படுத்தினால் நன்றாகக் குறையும். முதல் வாரம் முடிந்ததும் எல்லா போல்டையும் ஒருமுறை ஆலன் கீயால் கையாலேயே இறுக்குங்கள், மரம் படிந்து தளர்ந்திருக்கும். இம்பாக்ட் ட்ரைவர் வேண்டாம், பிடி பிளந்துவிடும்.

பயன்படுத்தும் விதம். சுவர் பக்கத்து அறையிலேயே இருப்பதால் தினமும் ஏறத் தோன்றும். தசை ஓரிரு நாளில் தேறிவிடும், விரல் தசைநாண்களும் அவற்றை எலும்போடு கட்டிவைக்கும் வளையங்களும் தேற வெகுநாள் எடுக்கும். முதல் இரண்டு மாதம் வாரம் மூன்று நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி. இருபது நிமிடம் சூடேற்றம், அப்புறம் கடினமான ஏற்றங்கள், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே மூன்று நான்கு நிமிடம் உண்மையாகவே உட்காருங்கள். அரங்கில் வரிசையில் நிற்பதால் தானாகக் கிடைத்த ஓய்வு வீட்டில் கிடைக்காது. விரலின் அடிப்பகுதியில் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். வீட்டில் வளரும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் ஏறட்டும், விளையாடட்டும், ஆனால் கால் வைக்காமல் சின்ன விளிம்புகளில் தாவும் கேம்பஸ் பயிற்சி அவர்களுக்கு வேண்டாம். விரல் எலும்பின் வளரும் பகுதி முறிந்துபோக அதுவே காரணமாகிவிடும்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: அறைக்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? உள்பக்கம் திறந்தால் 25 செ.மீ. மெத்தை போட்டதும் திறக்காது. பலகை வாங்குவதற்கு முன் கதவைத் திருப்பி மாட்ட முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் கதவு திரும்பும் இடத்தில் மட்டும் தூக்கி வைக்கிற மாதிரி மெத்தைத் துண்டு ஒன்று தனியாக வெட்டச் சொல்லுங்கள். கதவின் இடத்தையும் ஜன்னலின் இடத்தையும் குறித்து அறையின் படம் ஒன்று போட்டால், பலகையை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.